ஏற்காடு ஏறும் ஒன்றரை லிட்டர் டீசல்

சேலத்தில் லோடு வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை சிசிங்க?" என்பதுதான். பக்கத்திலேயே சங்ககிரி, நாமக்கல், கொஞ்சம் தள்ளினால் திருச்செங்கோடு. லாரியையும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியையும் பார்த்தே வளர்ந்த ஊர்கள். பெரிய எஞ்சின் உழைக்கும், சின்ன எஞ்சின் சீக்கிரம் உட்கார்ந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. "மூணு சிலிண்டரா? ஒன்றரை லிட்டரா? இது ஏற்காடு ஏறுமா?" என்று முகம் சுளிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி தப்பு.

லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் உரம், சிமெண்ட், மளிகை ஏற்றி மேலே எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது எங்கள் தொழில். திரும்பும்போது காப்பி, மிளகு, பலா, ஆரஞ்சு என்று அந்தந்தப் பருவத்துக்குக் கிடைப்பது கீழே வரும். அப்பா காலத்து டாடா 407 லாரியிலிருந்து, புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்-6-க்கு ஏற்ப வந்த இன்றைய பிக்கப் வரைக்கும் எங்கள் வாசலில் நின்றிருக்கின்றன. இவ்வளவு காலம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: புதுசாக வந்த சின்ன டீசல் எஞ்சின் மலையிடம் தோற்பதில்லை. தண்ணீர் கலந்த டீசலிடமும், மலிவு ஆயிலிடமும், அரை கிலோமீட்டர் ஓட்டி அணைக்கிற பழக்கத்திடமும்தான் தோற்கிறது.

பழைய கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டாடா 407 வந்தது 1986-ல். 2956 சிசி, நாலு சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போ ஆரம்பத்தில் கிடையாது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். குட்டி யானை என்று பேர் வைத்துக் கொண்டாடினோம். கடைவீதிக்கு அதைவிடத் தோதான வண்டி இல்லை. ஆனால் லோடோடு அடிவாரம் தாண்டினால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, 1478 சிசி, மூணு சிலிண்டர், டர்போ, டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற காமன் ரயில். பாதி சிசியில் மலை ஏறுகிற வண்டியை எங்கள் பக்கம் நிறையப் பேர் முதலில் பார்த்தது அதில்தான். அதே காலத்தில் 2523 சிசி பொலேரோ பிக்கப்பும் ஓடிக்கொண்டிருந்ததால், டீக்கடைச் சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

இது லோடு வண்டிக்காரன் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃபோர்டு எண்டெவரில் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு 2020-ல் 2 லிட்டரைப் போட்டபோது வசதியுள்ளவர்களும் இதே புலம்பலைத்தான் புலம்பினார்கள். இசுசு வி-கிராஸில் 2.5 லிட்டர் போய் 1.9 வந்தது. பழசு 134 குதிரைத்திறன், சின்னது 163. காகிதத்தில் சின்னதுதான் ஜெயிக்கிறது. காகிதத்தைத் தாண்டி, மலையில் என்ன நடக்கிறது என்பதற்குக் காற்றைக் கவனிக்க வேண்டும்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500. இடையில் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு, எத்தனை பெரிசானாலும், அந்த ஏழில் ஒரு பங்கு மூச்சு போனது போனதுதான். டீசல் பம்ப் மட்டும் கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். காற்று போதாமல் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வரும். பழைய 407-ம் ஜீப்புகளும் மேல் வளைவுகளில் கக்கிய புகைக்குக் காரணம் இதுதான். டர்போ உள்ள வண்டியில் அந்த டர்போ கொஞ்சம் வேகமாகச் சுற்றி, குறைந்த காற்றை அழுத்தி ஈடுகட்டிவிடும். கம்ப்யூட்டர் காற்றை அளந்து டீசலைக் கொடுக்கும். ஆக, மலைக்கு வரும்போது மூணு லிட்டர் டர்போ இல்லாததைவிட ஒன்றரை லிட்டர் டர்போ உள்ளதே மேல். இதை டீக்கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புகையைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. சின்ன டர்போ எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றில் இழுவை இல்லை. 1500 ஆர்பிஎம் கீழே விழுந்தால் டர்போ தூங்கிவிடும். பிறகு நீங்கள் ஓட்டுவது வெறும் ஒன்றரை லிட்டரைத்தான். பெரிய எஞ்சினில் பழகின டிரைவர் கொண்டை ஊசி வளைவுக்குள் செகண்ட் கியரிலேயே நுழைவார். எதிரே ஒரு பஸ் வரும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்றாலும் பஸ்ஸிடம் சட்டம் பேச முடியுமா, ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கி எடுக்கும்போது செகண்டிலேயே ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பார். வண்டி திணறி உதறும். "இழுக்கலைங்க" என்பார். அந்தத் திணறலில் பேரிங்குக்கு அடி, கிளட்சுக்கு அடி, எரியாத கரி மொத்தமும் சைலன்சர் குழாயில் இருக்கிற வடிகட்டியில் போய் உட்காரும். வளைவுக்கு முன்னாலேயே ஃபர்ஸ்ட் போட்டு, முள்ளை 2000-க்கு மேல் வைத்துக்கொண்டு எடுத்தால் அதே வண்டி அதே லோடோடு சத்தமில்லாமல் ஏறும். எங்களிடம் புதுசாகச் சேர்கிற டிரைவருக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான். பெரிய எஞ்சினில் அனுபவம் அதிகம் உள்ளவருக்குத்தான் பழக அதிக நாள் எடுக்கும்.

இனி, எது கெடுகிறது என்பதற்கு வருகிறேன். பழைய வண்டியில் எஞ்சினை இறக்கினோம் என்றால் ரிங், பிஸ்டன், பேரிங் என்று அடிவயிறு போயிருக்கும். லேத்துக்குக் கொண்டுபோய் சிலிண்டரைப் போர் போட்டு, நாலைந்து நாளில் ஏற்றிவிடுவார்கள். புது வண்டியில் அடிவயிறு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெடுவது சுற்றி மாட்டியிருப்பவை: புகைக்கரி வடிகட்டியான டிபிஎஃப், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற ஈஜிஆர் வால்வு, டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், டர்போ ஹோஸ், நாலைந்து சென்சார், வயரிங். எஞ்சின் நன்றாக இருக்கும்போதே வண்டி ஓடாமல் நிற்கும். "எஞ்சின் போச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எஞ்சினுக்கு ஒன்றுமே இருக்காது என்பார் எங்கள் பட்டறை மேஸ்திரி.

இதில் டிபிஎஃப்-தான் பெரிய தலைவலி, அதை விளங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. சைலன்சர் குழாயில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அப்போதுதான் டீசல் பிக்கப்புகளுக்கெல்லாம் வந்தது. பிடித்துவைத்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எஞ்சின் நல்ல சூட்டில், நல்ல பாரத்தோடு ஓடும்போது கொஞ்சம் தானாகவே எரியும். போதாதபோது கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டைக் கிட்டத்தட்ட 600 டிகிரிக்கு ஏற்றி எரிக்கும். பட்டறைகளில் ரீஜென் என்பது இதைத்தான். அது முடிய இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நிற்கும்.

இப்போது எங்கள் பாதையை யோசியுங்கள். கோரிமேட்டிலிருந்து ஏற்காடு வரைக்கும் லோடோடு ஏறுகிற வண்டிக்கு டிபிஎஃப் பிரச்சினை வருவதே அபூர்வம். ஒரு மணி நேரம் பாரத்தோடு சூடாக ஓடுகிற எஞ்சின் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். மலை ஏற்றம் எஞ்சினைத் தின்றுவிடும் என்று பயந்தோம், கடைசியில் வடிகட்டிக்கு மலைதான் மருந்தாக இருக்கிறது. மாட்டிக்கொள்வது மேலேயே நிற்கிற எஸ்டேட் வண்டிகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலம். தோட்டத்துக்குள் ஒரு பகுதியில் மூட்டையை ஏற்றி, பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் கொட்டகையில் இறக்கி, மறுபடி போய் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கிலோமீட்டருக்குள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் "டீசல் வீணாகுது, அணைச்சுப் போடு" என்பார் மேனேஜர். குளிர் காலம் வேறு. எஞ்சின் சூடேறவே ஏறாது.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் வண்டி ஒன்று இப்படித்தான் கீழே பட்டறைக்கு வந்தது, நானும் அங்கே இருந்தேன். மீட்டரில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை என்பதுதான் புகார். மேஸ்திரி கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரைத் தொடவே இல்லை. ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. கன்னங்கரேலென்று இருந்தாலும் பிசுபிசுப்பே இல்லை. கம்பி நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஓடி விழுந்தது. டிரைவர் கொஞ்சம் பெருமையாகவே, "ஆயில் கொறையவே இல்லைங்ண்ணா, ஏறித்தான் இருக்கு" என்றார். மேஸ்திரி கம்பியை என் பக்கம் நீட்டி, "மோந்து பாருங்க தம்பி" என்றார். டீசல் வாடை.

ரீஜெனுக்காகப் பீய்ச்சுகிற கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயில் தொட்டிக்குள் இறங்கும். ரீஜென் முழுசாக முடிந்தால் அது கொஞ்சம்தான், சூட்டில் ஆவியாகியும் போகும். தினம் நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் பாதியில் அணைத்தால் ஆயிலில் டீசல் சேர்ந்துகொண்டே போகும். நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் காப்பாற்றாது. அந்த வண்டி நல்ல வேளையாக அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆயில், ஃபில்டர் மாற்றி, ஸ்கேனர் போட்டு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ரீஜென் செய்து அனுப்பினார்கள். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, வாரத்துக்கு ஒரு நாளாவது இந்த வண்டியை லோடோடு சேலம் வரை அனுப்பி வையுங்கள் என்று சொன்னார் மேஸ்திரி. அன்று முதல் ரேஷன் சாமான் எடுக்க அந்த வண்டிதான் வருகிறது.

ரீஜென் நடக்கிறதா என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். சில வண்டியில் விளக்கு எரியும். விளக்கு இல்லாவிட்டாலும் அடையாளம் உண்டு: ஐடிலிங் கொஞ்சம் ஏறியிருக்கும், சத்தம் மாறும், ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றும், சைலன்சர் பக்கம் சூட்டு வாடை வரும். அப்போது அணைக்காதீர்கள். வீடு வந்துவிட்டது என்றாலும் இன்னொரு சுற்று போய்வாருங்கள். எஸ்டேட்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சில்வர் ஓக் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி ரீஜென் போட வேண்டாம். சைலன்சர் குழாய் அப்போது சருகைப் பற்றவைக்கிற சூட்டில் இருக்கும். களத்திலோ, ரோட்டிலோ நிறுத்துங்கள்.

டிப்ஸ்டிக்கைப் பார்க்கும்போது கீழ்க்கோட்டை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் நாம். பிஎஸ்-6 வண்டியில் மேல்கோட்டையும் பார்க்க வேண்டும். இந்த ஒன்றுக்காகவே காலையில் பானெட்டைத் திறக்கலாம்.

ஆயிலிலேயே இன்னொரு சங்கதி. கரியை எரிக்க முடியும், சாம்பலை எரிக்க முடியாது. ஆயிலில் கலந்திருக்கிற ரசாயனங்கள் எரிந்து வருகிற சாம்பல் டிபிஎஃப்-க்குள்ளேயே தங்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். டின்னில் சிகே-4 என்று போட்டிருக்கும், அல்லது கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன கிரேடு இருக்கும். பழைய லாரிக்கு வாங்கி வைத்த பீப்பாயிலிருந்து இதற்கும் நாலு லிட்டர் ஊற்றுவது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். எஞ்சினுக்கு உடனே ஒன்றும் ஆகாது. இரண்டு வருஷம் கழித்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ரீஜென் போட்டாலும் திறக்காது, கழற்றிக் கழுவ வேண்டும். அப்போது யாரும் அந்தப் பீப்பாயை நினைக்க மாட்டார்கள், "சின்ன எஞ்சின் அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள்.

அடுத்தது டீசல். பழைய பம்ப் வண்டி நாசிலில் கொஞ்சம் தண்ணீர் போனால் இருமும், துப்பும், பிறகு ஓடும். காமன் ரயிலில் 1600 பாருக்கு மேல் அழுத்தம். இன்ஜெக்டருக்குள் இருக்கிற இடைவெளி மைக்ரான் கணக்கு. தண்ணீரோ தூசியோ போனால் தேய்ந்துவிடும், தேய்ந்தால் சரிசெய்வது பெரும்பாடு. ஏற்காட்டில் பீப்பாயில் டீசல் வாங்கி வைத்துக் கைப்பம்பில் அடித்து ஊற்றுகிற எஸ்டேட்டுகள் இன்னும் உண்டு. மேலே பகலில் வெயில், ராத்திரி பனி. பாதி காலியான பீப்பாயின் உள்சுவரில் ஈரம் வேர்த்து இறங்கி அடியில் தங்கும். பம்பின் குழாய் முனை அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் பீப்பாய் வைத்துக்கொள்கிறவர்கள் நிரப்பியபின் ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குழாயை நிறுத்தி எடுங்கள்.

டீசல் ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் ஒன்று இருக்கும், அதன் அடியில் ஒரு திருகு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் இருமுறை, வண்டி ராத்திரி முழுக்க நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். மேலே மஞ்சளாக டீசல், அடியில் நிறமில்லாமல் தண்ணீர், நடுவில் கோடு கிழித்தாற்போல் தெரியும். முதன்முதலில் பார்க்கிற டிரைவர், இவ்வளவு தண்ணீரோடா ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று ஆடிப்போவார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவூட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, ஐடிலிங்கில் உதறுகிறது என்றால் உடனே நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். விவரமான டீசல் பம்ப் பட்டறையில் முதலில் ரிட்டர்ன், அதாவது இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வருகிற டீசல் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றித் தனித்தனியாக ஒரு சின்ன பாட்டிலில் விட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே மட்டத்தில் டீசல் நிற்கும், ஒன்றில் மட்டும் இரண்டு பங்கு ஏறியிருக்கும். கெட்டது அது ஒன்றுதான். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. இது தெரியாமல் நாலையும் மாற்றி, பழைய வண்டிக்கு எஞ்சின் வேலையே முடித்திருக்கிற அளவு காசைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் பயத்தோடு சொல்கிறேன்: பழைய வண்டியில் ஏர் பிடித்தால் நாசில் குழாயைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து ஏர் எடுப்போமே, அதைக் காமன் ரயிலில் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின அளவு காயம்தான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

புகையைச் சுத்தம் செய்வதற்காக யூரியா டேங்க் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டேங்கில் ஊற்ற வேண்டியது 32.5 சதவீத யூரியாவும் சுத்திகரித்த தண்ணீரும் சேர்ந்த திரவம். எஸ்டேட் கிடங்கில் மூட்டை மூட்டையாக யூரியா இருக்கிறது, கரைத்து ஊற்றினால் என்ன என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். நம் உர மூட்டை யூரியா வேப்பெண்ணெய் பூசியது. கரைக்கிற தண்ணீர் சேலத்து போர் தண்ணீர், அதன் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து பீய்ச்சியை அடைத்து, கேட்டலிஸ்டையும் கெடுத்துவிடும். மிச்சம் பிடித்த காசைப்போல் பல மடங்கு செலவு.

தண்ணீர் என்றதும் ரேடியேட்டர் ஞாபகம் வருகிறது. 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் எஞ்சின் தப்பிக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் பதினைந்தாவது வளைவில் கொதித்து வழியும். பழைய வார்ப்பிரும்பு ஹெட் இரண்டு தடவை கொதித்தாலும் தாங்கும். அலுமினிய ஹெட் ஒரே தடவையில் வளைந்துகொள்ளும். மூடி மாற்றுவது சில நூறு ரூபாய். கூலன்ட் கலந்ததையே ஊற்றுங்கள், ஓடைத் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சே அரைகுறை. சின்ன எஞ்சினின் உண்மையான பலவீனம் இறக்கத்தில்தான் இருக்கிறது. கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற எஞ்சின் பிரேக் குறைவு. மூன்று லிட்டர் எஞ்சின் செகண்டில் பிடிக்கிற பிடியை ஒன்றரை லிட்டர் பிடிக்காது, அதனால் ஏறின கியரைவிடவும் ஒன்று குறைத்தே இறங்க வேண்டியிருக்கும். காப்பி மூட்டையோடு இறங்கும்போது எங்கள் வண்டிகள் பல இடத்தில் ஃபர்ஸ்டில்தான் வருகின்றன. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது இரண்டு விதத்தில் முட்டாள்தனம். கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் காமன் ரயில் எஞ்சின் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு வேண்டிய வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம், ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். டர்போ சூடாக இருக்கும்போது ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளே கரிந்து படியும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எல்லோரும் மறக்கிற விஷயமும்கூட. மாக்னசைட் சுரங்கப் பக்கம் ஓடுகிற வண்டிகள் ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குக் காத்திராமல் பாதியிலேயே பாருங்கள். அந்த வெள்ளைத் தூசி மாவாக இருக்கும், டர்போவுக்கு அது எமன்.

எலி. சிரிக்க வேண்டாம், எஸ்டேட்டில் நிற்கிற புது வண்டிகளுக்கு இன்ஜெக்டரைவிட எலிதான் அதிகச் செலவு வைக்கிறது. சென்சார் வயர் ஒன்று அறுந்தால் விளக்கு எரியும், வண்டி பவரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அந்த நிலையில் பதறாமல் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம். சில சமயம் பவர் திரும்ப வந்துவிடும், லோடை இறக்குகிற இடம் வரைக்காவது போய்ச் சேரலாம். ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சிவப்பில் எரிந்தால் மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், பேச்சுக்கே இடமில்லை.

ஒரு ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு மொபைலில் இணைக்கிற சின்ன ஸ்கேனர் கிடைக்கிறது. வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள். முழு வைத்தியம் அது பார்க்காது. ஆனால் எந்தக் குறியீடு என்று தெரிந்துகொண்டு மேஸ்திரிக்குப் போன் செய்தால், மெல்ல ஓட்டி வரலாமா, கட்டி இழுத்து வர வேண்டுமா என்று அவர் சொல்லிவிடுவார். பதினெட்டாவது வளைவில் கட்டி இழுக்கிற வாடகை என்ன என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஆயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியாது.

லோடு பற்றி நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், வாடகை நிலவரம் எனக்கும் தெரியும். பழைய எஞ்சின் அதிக லோடைப் புகையாகக் காட்டிக்கொடுத்தது, வேகம் குறைந்தது, டிரைவருக்கே உறைத்தது. புது எஞ்சின் காட்டாமல் இழுத்துக்கொண்டே போகும். செலவு பிறகு கிளட்சு, ஹப் பேரிங், பிரேக் டிரம் என்று வேறு பேரில் வரும்.

எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, எங்கே ஓடும் என்பதை. சேலம்-ஏற்காடு, சேலம்-பெங்களூரு என்று நீளமாக ஓடுகிறதா, பிஎஸ்-6 சின்ன டர்போ டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், மைலேஜும் பழசைவிட நிச்சயம் மேல். செவ்வாய்ப்பேட்டைக்குள் கடைக்குக் கடை நின்று போகிற வேலையா, டிபிஎஃப் உள்ள டீசல் வேண்டாம், பெட்ரோலோ சிஎன்ஜியோ பாருங்கள். எஸ்டேட்டுக்குள்ளேயே சுற்றுகிறதா, தேடிப்பிடித்து நல்ல நிலையில் ஒரு பிஎஸ்-4 வாங்குங்கள், அல்லது வாரம் ஒருமுறை கீழே இறக்கி ஏற்றுகிற மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் மேஸ்திரியிடம் அந்த மாடலுக்கு ஸ்கேனர் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் பிஎஸ்-6 எடுக்கிறவர்கள், காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு மறுநாள் போங்கள். டிப்ஸ்டிக்கைப் பார்த்து மோந்து பாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்து டிபிஎஃப் டப்பாவைப் பாருங்கள், வெட்டிப் புதுசாக வெல்டு வைத்த தடம் இருந்தால் உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள். சட்டப்படியும் அது தப்பு, நாளைக்கு வண்டித் தகுதிச் சான்றான எஃப்சி எடுக்கிற சமயத்தில் தலைவலி உங்களுக்குத்தான். சைலன்சர் வாயில் விரலை விட்டுத் துடைத்தால், நல்ல டிபிஎஃப் உள்ள வண்டியில் கரி ஒட்டாது. முடிந்தால் லோடோடு நாலைந்து வளைவாவது ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். "எங்கியோ இருக்குங்க, தேடித் தர்றேன்" என்று பதில் வந்தால், டிபிஎஃப் கழுவுகிற செலவையும் ஒரு செட் இன்ஜெக்டர் செலவையும் விலையில் கழித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.